கை விறைக்குது என்று மட்டும் சொன்னால் போதாது

பலெர்மோவில் எங்கட ஆக்களில் கனபேர் கையை நம்பித்தான் பிழைக்கினம். வீடு துடைப்பது, ரெஸ்டோரன்ட் குசினி, முதியவர்களைத் தூக்கிப் பராமரிப்பது. பழைய பலாத்சோக்களின் உயரமான யன்னல்களைத் துடைக்கும்போது கை நெடுநேரம் தலைக்கு மேலேயே நிற்கும். இரவில் விறைத்தால், 'வாதம்' என்று எண்ணெய் பூசிவிட்டு விடிய வேலைக்குப் போய்விடுகிறோம்.

சிலருக்கு அந்த விறைப்பு கையில் தொடங்குவதே இல்லை. காறையெலும்புக்கும் முதலாவது விலா எலும்புக்கும் நடுவே ஒடுங்கிய வழி ஒன்று இருக்கிறது. கைக்குப் போகும் நரம்புகளும் இரத்தக்குழாய்களும் அதற்குள்ளால்தான் போகவேண்டும். தோள் தொய்ந்தாலோ, கழுத்துத் தசை இறுகினாலோ அவை நெரிபடும். கழுத்தில் மேலதிக விலா எலும்போடு பிறந்தவர்களும் உண்டு. இத்தாலிய வைத்தியர்கள் இதை 'ஸ்ட்ரெத்தோ தொராசிகோ' என்பார்கள்.

இதை ஒரே டெஸ்டில் பிடிக்க முடியாது. நோயாளி சொல்லும் விபரமே முக்கியம். அங்கேதான் எங்களுக்குச் சிக்கல். அம்மா "கை நோகுது" என்பா; கூடப்போன பிள்ளை அதை அப்படியே இத்தாலியனில் சொல்லிவிட்டு போனைப் பார்க்கும். தம்பி, தங்கச்சி, கொஞ்சம் விசாரியுங்கோ. எந்த விரல்? சின்ன விரலும் மோதிர விரலும் என்றால் ஒரு கதை, பெருவிரல் பக்கம் என்றால் மணிக்கட்டில் பிரச்சினை இருக்கலாம். கையை உயர்த்தினால் கூடுதா? என்ன வேலை, எத்தனை மணித்தியாலம்? முழுக் கையும் திடீரென வீங்கி நீலம் பாரித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். வெளிறிக் குளிர்ந்துபோனாலும் ஆபத்துத்தான். அப்போது குடும்ப வைத்தியரின் அப்பொயின்மென்டுக்குக் காத்திருக்காமல் நேரே புரொந்தோ சொக்கோர்சோ!

நரம்பு மட்டும் நெரிபட்டால் முதல் வைத்தியம் பிசியோதெரபி. மாதக்கணக்கில் செய்தும் சரிவராதவர்களுக்குத்தான் பெரும்பாலும் முதலாவது விலா எலும்பை எடுக்கும் ஒப்பரேஷன். அதற்குப் பிறகு பல வாரங்கள் பாரம் தூக்க முடியாது.

பயம் ஒப்பரேஷனுக்கு இல்லை, வேலைக்குத்தான். வீட்டுவேலை ஒப்பந்தப்படி, ஒரே வீட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கே வருடத்தில் 15 நாள்தான் சம்பளத்தோடு சுகயீன லீவு. வேலையை 180 நாள் வரை பிடித்து வைப்பார்கள், மிச்ச நாளுக்குச் சம்பளம் இல்லை. கொன்ராத்தோ எழுதாமல் வேலை செய்பவருக்கு, இந்த 15 நாளைக் கேட்கக்கூடக் கையில் ஒரு கடதாசி இல்லை.