பழைய நாற்காலியும் பாசமுள்ள கைகளும்

1870-இல் திருச்சபை முழுமைக்கும் பாதுகாவலராக அறிவிக்கப்பெற்ற புனித சூசையப்பர் தச்சராய் உழைத்தவர். அவரைப் போற்றும் நாம், கால் ஆடும் நாற்காலியைக் கண்டதும் பழைய சாமான்காரரை அழைப்பது முறையாகுமா? பாட்டனார் அமர்ந்து செபமாலை சொன்ன, வண்ணம் பூசாத தேக்கு நாற்காலி வீட்டிலிருப்பின், விடுமுறையில் பிள்ளைகளோடு அதனைப் புதுப்பிப்போம்.

ஆடும் பொருத்துகளைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசையிட்டு, கயிற்றால் இறுகக் கட்டி ஒருநாள் காயவிடுவோம். பின்னர் 80, 120, 220 என்னும் எண் வரிசையில் உப்புத்தாள் கொண்டு, மரத்தின் இழையோட்டத்திலேயே தேய்ப்போம். தூசியைத் துடைத்து ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசினால் தேக்கின் வரிகள் துலங்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறியலாகாது; அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து, வெளியே விரித்து உலர்த்துவோம்.

வண்ணம் பூசிய பழம்பொருளாயின் எச்சரிக்கை வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கை மிஞ்சலாகாது என்னும் இந்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணத்தில் ஈயம் மிகுந்திருக்கலாம்; அதன் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே அவற்றை உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். தலைமுறைகள் கண்ட தொட்டிலேயாயினும், வண்ணம் உதிருமாயின் மழலையை அதில் இட வேண்டாம்.

ஒரு பொருளை எறியாது மீண்டும் பயன்படுத்துதல் அன்புச் செயலாகலாம் என மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுத் திருமடலில் உணர்த்தினார். பொருளைக் காக்கும் அன்பு, முதலில் பிள்ளைகளைக் காக்கட்டும்.