பச்சோந்தி எந்த ஊர்? வைத்தியம் அங்கிருந்துதான் தொடங்கும்

சப்பாத்துப் பெட்டியில் நாலு ஓட்டை, உள்ளே ஒரு பிடி புல், போத்தல் மூடியில் கொஞ்சம் தண்ணீர். லயத்துப் பிள்ளைகள் "பச்சோந்தி" என்று சொல்லிக் கொண்டுவந்து காட்டும் பெட்டி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அவர்களின் பரிவில் ஒரு குறையும் இல்லை. கல்லடி படவிருந்ததை, நாய் வாயிலிருந்து விழுந்ததைத்தான் தூக்கி வருகிறார்கள். ஆனால் பச்சோந்தி புல் தின்னாது. மூடித் தண்ணீரைத் தண்ணீர் என்றே அது அறியாது. பெட்டியின் இருட்டோ வெயிலில் வாழும் அந்த உயிரை மெல்ல மெல்ல நோயாளியாக்கும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பதுளைப் பக்கம் நாம் பச்சோந்தி என்று கூப்பிடுவது பல பிராணிகளை. வேலியில் தலையாட்டும் ஓணானும், தலை சிவந்து நிற்கும் பச்சை ஓணானும் நிறம் மாறுவதால் அவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையான பச்சோந்தி இலங்கையில் ஒரே ஒரு இனம்தான். 1768இல் லௌரென்டி என்ற விலங்கியலாளர் அதற்கு நம் தீவின் பெயரையே சேர்த்து கமீலியோ சைலானிக்கஸ் என்று பெயரிட்டார். இந்தியாவில் இருப்பதும் அதே இனம். மன்னார், புத்தளம், வில்பத்து என்று வெயில் காயும் உலர்வலயம்தான் அதன் வீடு. தேயிலை மலை அதன் ஊர் அல்ல.

அடையாளம் காணக் காலைப் பாருங்கள். ஓணானுக்கு விரல்கள் தனித்தனியாக விரிந்திருக்கும். பச்சோந்தியின் ஐந்து விரல்களும் இரண்டும் மூன்றுமாக ஒட்டிச் சேர்ந்து, குறடு கவ்வுவதுபோலக் கிளையைக் கவ்வும். கண் கூம்பாகத் துருத்தி நிற்கும். நுனியில் மட்டும் சின்னத் துவாரம். ஒரு கண் முன்னால் பார்க்கும்போது மற்றது பின்னால் பார்க்கும். வால் சுருண்டு கிளையைப் பற்றும்.

வாலை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவோம். நான் ஏமாந்தேன். பள்ளிக்கூடம் போகிற வயதில், ஒஹிய பக்கம் பாசி பிடித்த ஒரு கிளையில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த ஒன்றைப் பிடித்தேன். என் சுண்டுவிரலில் வாலைச் சுற்றிக்கொண்டது. பச்சோந்திக் குட்டி என்று நினைத்தேன். உடம்பு சில்லென்று இருந்தது. குளிரில் வாடுகிறது என்று பயந்து, போத்தலில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் கதகதப்பாக வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தபோது வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தது. அது கொஃபோட்டிஸ் சைலானிக்கா என்ற குள்ள ஓணான் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. உயர்மலைக் குளிர்க்காட்டில் மட்டுமே வாழும், முட்டையிடாமல் குட்டி போடும், உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத உயிர். குளிர்தான் அதற்குச் சுகம். நான் கொடுத்த சூடுதான் அதைக் கொன்றது.

ஆகவேதான் சொல்கிறேன், மருந்தைத் தேடுவதற்கு முன் ஊரைத் தேடுங்கள். கொம்பு முளைத்த மூக்கோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும் கொம்பு ஓணானும் நம் மேல்மலைகளுக்கே உரியது. மெதுவாக அசைவது அதன் சுபாவம், நோயல்ல. காயமில்லாவிட்டால் எடுத்த செடியிலேயே திரும்ப விட்டுவிடுவதுதான் அதற்குச் செய்யக்கூடிய முழு வைத்தியம். இந்த மலை ஓணான்களை வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்குக் கடத்துவது பெருகியதால், 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு அவற்றில் பலவற்றைத் தன் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது.

அப்படியானால் உண்மையான பச்சோந்தி ஊவா மலைக்கு எப்படி வரும்? மனிதர் கையில் ஏறித்தான் வரும். வடக்கே போனவர் வியப்புக்காகப் பிடித்து வருவார். லொறிச் சுமையோடு ஒன்று வந்து சேரும். ஆசைக்கு வளர்த்தவர் அலுத்துப்போய்க் கைவிடுவார். நம் கைக்கு வரும்போது அது ஏற்கெனவே வாரக்கணக்கில் தவறாக வளர்க்கப்பட்டிருக்கும். வளர்ப்புப் பச்சோந்திகளின் நோய்களில் மிகப் பெரும்பாலானவை கிருமியில் தொடங்குவதில்லை. வெப்பம், வெயில், தண்ணீர், இரை இந்த நான்கில் ஏதோ ஒன்று குறைந்த இடத்தில் தொடங்குகின்றன. கிருமி பிறகுதான் உள்ளே வருகிறது. மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்: எங்கே வைத்திருந்தீர்கள், என்ன கொடுத்தீர்கள்?

நம் மலையில் முதல் எதிரி குளிர். பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து 700 மீற்றருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பண்டாரவளை 1,200ஐத் தாண்டும், அப்புத்தளை 1,400ஐத் தாண்டும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை இறங்கி மலை பனிமூட்டத்துக்குள் போனால், 30 பாகை செல்சியஸை ஒட்டிய பகல் வெப்பத்துக்குப் பழகிய உடம்பு என்ன ஆகும்? இங்கேதான் பச்சோந்தி நம்மை ஏமாற்றும். குளிரிலும் அது இரை பிடிக்கும். 2010இல் தென் புளோரிடா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் அண்டர்சன், ஸ்டீபன் டெபன் இருவரும் யெமன் பச்சோந்திகளை வைத்து இதை அளந்து காட்டினார்கள். 15 பாகைக் குளிரிலும் நாக்கு ஏறக்குறைய பழைய வேகத்திலேயே பாய்ந்தது. நாக்கை எறிவது தசை நேரடியாகச் செய்யும் வேலை அல்ல. தசை வில்லை வளைக்கிறது, நாக்குக்குள் இருக்கும் மீள்திசு நாணைப் போல விட்டு எறிகிறது. மெதுவாக வளைத்த வில்லிலிருந்தும் அம்பு வேகமாகத்தான் பாயும். ஆனால் நாக்கை உள்ளே இழுப்பது தசையின் வேலை. குளிரில் அது வெகுவாக மந்தமானது.

நமக்கு இதில் உள்ள பாடம் மிகப் பெரியது. "நேற்றும் ரெண்டு வெட்டுக்கிளி சாப்பிட்டதே" என்று சொல்லி நாம் நிம்மதியாகிவிடுகிறோம். நாக்கு வேலை செய்யும், வயிறு செய்யாது. குளிரில் செரிமானம் நின்றுபோய், விழுங்கிய இரை வயிற்றுக்குள்ளேயே அழுகும். அதனால் காப்பாற்றிய பச்சோந்திக்கு முதல் நாள் இரை வேண்டாம். முதலில் வெப்பம், பிறகு தண்ணீர், அதற்கும் பிறகுதான் பூச்சி.

வெப்பம் கொடுக்கும்போது ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் நிழல் என்று இரண்டும் இருக்க வேண்டும். எங்கே இருப்பது என்பதை அது தானே தெரிந்துகொள்ளும். பல்பை உடம்பு தொடும் தூரத்தில் வைத்தால் முதுகு வெந்துபோகும். வெந்தாலும் சட்டென்று விலகிப் போகாது. கண்ணாடிப் போத்தலுக்குள் வைத்து வெயிலில் வைப்பதோ சில நிமிடத்தில் கொலை.

இனி நோயைப் பார்க்கலாம். தொடாமல் பாருங்கள். காலை பத்து மணி வெயிலில் ஒரு கிளையில் விட்டு, நான்கு அடி தள்ளி உட்கார்ந்து அரை மணி நேரம் சும்மா பாருங்கள். வெயிலில் வைத்தவுடன் கறுப்பது நல்லது. சூட்டை வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். இரவில் வெளுத்துத் தூங்குவதும் இயல்பு. உடம்பு சூடேறிய பிறகும் கறுத்தே இருந்து, பகலில் கண்ணையும் மூடிக்கொண்டால் அது ஆபத்தான நிலை. பகலில் கண் மூடும் பச்சோந்திக்கு ஏதோ ஒரு நோய் கட்டாயம் உண்டு.

கண் கூம்பு உள்ளே குழிந்திருந்தால் நீர் வற்றியிருக்கிறது. எச்சத்தைப் பாருங்கள். பழுப்போடு சேர்ந்து வெள்ளையாக ஒரு துண்டு வரும், அதுதான் அதன் சிறுநீர். வெள்ளை நல்லது. அது செம்மஞ்சளாகி மணல் போல உதிர்ந்தால் உடம்பில் நீரில்லை. இலையில் சொட்டும் பனியையும் மழைத்துளியையும் நக்கிக் குடித்துப் பழகிய உயிர் அது. பிளாஸ்டிக் போத்தலின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, இலைக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். சொட்டு இலையில் விழுந்து உருளும்போது அந்தக் கண்கள் இரண்டும் ஒரே இடத்துக்குத் திரும்பும். தலை மெல்ல நீளும். பிறகு நாக்கு நுனி வெளியே வந்து இலையைத் தொடும். வாடிக் கிடந்த ஒன்று அப்படிக் குடிக்கத் தொடங்குவதைப் பார்ப்பது பெரிய ஆறுதல். சிறிஞ்சியால் வாய்க்குள் பீய்ச்ச வேண்டாம். மூச்சுக்குழலின் வாய் அங்கேயே இருக்கிறது. தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும்.

அடுத்தது எலும்பு. கால்கள் வில்லாக வளைந்திருக்கிறதா? குறடு மாதிரிப் பிடிக்க வேண்டிய பாதம் நழுவுகிறதா? கீழ்த்தாடை ரப்பராகிவிட்டதா? நாக்கு இரையை எட்டாமல் விழுகிறதா? இவை எலும்பு உருகும் நோயின் அடையாளங்கள். வளர்ப்புப் பச்சோந்திகளை அதிகம் அழிப்பது இதுதான். வெயிலில் உள்ள புறஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி செய்யும். அது இல்லாவிட்டால் சாப்பிட்ட கல்சியம் சேராது. இரத்தத்துக்குக் கல்சியம் போதாதபோது உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வெளிச்சமும் சூடும் இருக்கும், அந்தக் கதிர் இருக்காது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு உயரத்தில் இருக்கும் நம் மலை வெயிலில் அது தாராளமாக இருக்கிறது. மூட்டம் விலகிய காலையில் அரை மணி நேரம், பக்கத்தில் நிழலோடு, வெளியே வையுங்கள். இந்த நோயுள்ளதைக் கிளையிலிருந்து பிய்த்து எடுத்தால் கால் முறியும். முன்னால் ஒரு குச்சியை நீட்டுங்கள், தானாக ஏறட்டும்.

வெட்டுக்கிளியிலும் சில்வண்டிலும் கல்சியம் குறைவு, பொஸ்பரஸ் அதிகம். நைசாகப் பொடித்த முட்டையோட்டை அல்லது கணவாய் ஓட்டை இரையின் மேல் ஒரு சிட்டிகை தூவலாம். வெற்றிலைத் தட்டில் இருக்கும் சுண்ணாம்பை மட்டும் தொடாதீர்கள். அதுவும் கல்சியம்தானே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வாயை வேகவைத்துவிடும். மனிதருக்கான வைட்டமின் டி மாத்திரையும் வேண்டாம். அளவு மீறினால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் கல்சியம் படியும். இரையை வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டத்தில் பிடிக்காதீர்கள். மருந்தடித்த பூச்சியைத் தின்றால் உடல் நடுங்கும். எலும்பு நோயிலும் நடுக்கம் வரும், ஆனால் அது வாரக்கணக்கில் வளர்ந்து வரும். நஞ்சின் நடுக்கம் ஒரே நாளில் வரும். இந்த வித்தியாசத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வெயில் உச்சியில் வாயைத் திறப்பது உடம்பைத் தணிக்க. குளிர்ந்த நேரத்திலும் வாயைத் திறந்து, தலையை மேலே தூக்கி, மூக்கில் நுரை கட்டி, மூச்சோடு சொடுக்குச் சத்தம் கேட்டால் நுரையீரலில் சளி. குளிரும் ஈரமும் சேர்ந்த நம் மலையில் அதிகம் எதிர்பார்க்க வேண்டியது இதையே. தைலம் பூசக் கூடாது. வீட்டில் மிஞ்சிய அன்டிபயட்டிக்கை உடைத்துக் கொடுக்கக் கூடாது. காட்டிலிருந்து வந்தவற்றுக்குக் குடற்புழுவும் பெரும்பாலும் இருக்கும். அதற்குப் புதிய எச்சத்தை எடுத்துப்போய் நுண்காட்டியில் பார்த்த பிறகே மருந்து. ஒவ்வொரு மருந்தும் உடம்பின் எடைக்குக் கிராம் கணக்கில் அளக்கப்படுவது. கொழுந்து நிறுக்கும் தராசில் அது தெரியாது. நகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டு போங்கள், மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. பூனையோ நாயோ கடித்திருந்தால் வெளியே ஊசித் துளைதான் தெரியும், உள்ளே சீழ் கட்டும். அன்றைக்கே காட்ட வேண்டும்.

வயிறு பருத்த பெண் பச்சோந்தி கிளையை விட்டு இறங்கித் தரையைப் பிராண்டினால் முட்டையிட இடம் தேடுகிறது. வாளியில் ஓரடி ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பி, ஆள் கண்ணில் படாமல் விடுங்கள். இடமில்லாமல் முட்டை உள்ளே தங்கினால் தாயின் உயிர் போகும்.

யாரிடம் போவது? பச்சோந்தியும் நம் மலை ஓணான்களும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. காப்பாற்றியதைச் செல்லமாக வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை உயிர் காக்க அருகிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகம் உண்டு. மாட்டையும் ஆட்டையும் பார்த்துப் பழகியவர் என்று தயங்க வேண்டாம். பேராதனை மிருக வைத்திய பீடத்தின் ஆலோசனையைக் கேட்டுத்தரச் சொல்லுங்கள்.

குணமான பிறகு பக்கத்துத் தேயிலை மலையில் விட்டுவிடலாம் என்று நினைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அடுத்த பனிக்காலை அதைக் கொன்றுவிடும். அது உலர்வலயத்துக்கே போக வேண்டும், முடிந்தால் எடுத்த அதே இடத்துக்கு. அதற்கு அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, புல்லையும் மூடியையும் வெளியே எடுத்துவிட்டு, பெட்டிக்குள் குறுக்கே ஒரு குச்சியை இறுகப் பொருத்தி, பச்சோந்தியை அதில் ஏறவிட்டு மூடிய பிறகு, மூடியின் மேல் பேனையால் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த ஊரில் எடுத்தது, எந்த மரத்தில், எந்தத் திகதி.