தேயும் வினைகள், தேயாத வினைகள்

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் வினைச்சொற்களுக்கு ஒரே உச்சரிப்பைத் தேடுகிறவர் ஏமாந்துபோவார். டேனியல் ஜோன்ஸ் 1917இல் தம் ஆங்கில உச்சரிப்பு அகராதியை வெளியிட்டார். அத்தகைய அகராதிகளில் 'ஹேவ்', 'கேன்', 'வாஸ்' போன்றவற்றுக்கு அழுத்தமான வடிவம், தேய்ந்த வடிவம் என இரண்டையும் காணலாம். தேய்ந்த வடிவத்தை நாக்கின் சோம்பல் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் தேய்வு எங்கே நடக்கிறது, எங்கே நடக்க மறுக்கிறது என்று கவனித்தால், அது சோம்பலல்ல, இலக்கணம் என்பது விளங்கும்.

'ஐ ஹேவ் டூ கார்ஸ்' என்றால் என்னிடம் இரண்டு கார்கள் உள்ளன என்று பொருள். இதில் 'வ்' ஒலி அப்படியே நிற்கிறது. 'நான் போயாக வேண்டும்' என்பதற்கோ 'ஐ ஹேஃப்ட கோ' என்கிறார்கள். அதிர்வில்லாத 'ட'வின் அருகே 'வ்' தன் அதிர்வை இழந்து 'ஃப்' ஆகிவிடுகிறது. இரண்டு வாக்கியங்களிலும் அடுத்து வரும் மெய்யொலி ஒன்றேதான். வெறும் சோம்பலாக இருந்தால் இரண்டு இடத்திலும் 'ஃப்' வந்திருக்க வேண்டும். உடைமையைச் சொல்லும் முதன்மை வினை அசையவில்லை. கட்டாயத்தைச் சொல்லும் துணைவினைதான் இளகியது. 'கோயிங் டு' எதிர்காலத்தைக் குறிக்கும்போது 'கன்னா' ஆகும். லண்டனுக்குப் போவதைச் சொல்லும்போது ஆகாது. பேச்சுத் தமிழும் இதே வழியில்தான் நடக்கிறது. 'வந்துவிட்டான்' என்பது 'வந்துட்டான்' ஆகிறது. ஆனால் 'கையை விட்டான்' என்பதிலுள்ள வினையை யாரும் 'ட்டான்' என்று குறுக்குவதில்லை. சொந்தப் பொருளை இழந்து இலக்கண வேலைக்கு வந்த வினைதான் தேய்கிறது.

வட்டார வேறுபாடுகள் சிலவற்றின் வேரும் இங்கேதான் இருக்கிறது. 'பீ' என்ற வினையின் இறந்தகால எச்சத்தைப் பிரிட்டனில் பெரும்பாலும் 'பீன்' என்று நீட்டுவார்கள், அமெரிக்காவில் 'பின்' என்று குறுக்குவார்கள். அழுத்தமில்லாத இடங்களில் பிறந்த குறில் வடிவம் அமெரிக்காவில் எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. 'வாஸ்' கதையும் அதுவே. அழுத்திச் சொல்லும்போது பிரிட்டனில் 'வொஸ்' என்பது அமெரிக்காவில் பெரும்பாலும் 'வஸ்'. தேய்ந்த வடிவமே அங்கே மறுபடி அழுத்தம் பெற்று முழுச்சொல்லாக நிமிர்ந்துவிட்டது. ஓரிடத்தில் சூழலால் வந்த மாற்றம், இன்னோரிடத்தில் நிலையான வழக்காகிறது.

எல்லா வேறுபாடுகளையும் இப்படி விளக்கிவிட முடியுமா என்று கேட்கலாம். முடியாது. 'ஈட்' என்ற வினையின் இறந்தகாலம் பிரிட்டனில் நெடுங்காலம் 'எட்' என்றே மதிப்புடன் ஒலித்தது. 'எய்ட்' என்பதும் அங்கே வழக்கில் உண்டு. அமெரிக்காவில் 'எய்ட்' மட்டுமே பொதுவழக்கு. 'எட்' என்றால் நாட்டுப்புறப் பேச்சு என்பார்கள். இது துணைவினை அல்ல, தேய்வும் அல்ல. ஒரே ஒலி ஒரு கரையில் உயர்ந்தும் மறுகரையில் தாழ்ந்தும் நிற்கிறது. எந்த வடிவம் எங்கே வரும் என்பதை இலக்கணம் முடிவு செய்யலாம். எது உயர்ந்தது என்பதைச் சமூகமே முடிவு செய்கிறது.

இந்த நுணுக்கமெல்லாம் நமக்கு எதற்கு, எல்லாவற்றையும் முழுதாக உச்சரித்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. இந்திய ஆங்கிலத்தில் பலரும் அப்படித்தான் பேசுகிறோம், பெரும்பாலும் பழுதில்லை. ஆனால் 'முடியும்' என்பதற்கு அமெரிக்கர் வாக்கிய நடுவில் 'கன்' என்று தேய்ப்பார், 'முடியாது' என்பதற்கு 'கேன்ட்' என்று அழுத்தி, கடைசி 'ட்'டைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார். அவர் காது உயிரொலியைக் கொண்டே இரண்டையும் பிரிக்கிறது. நாம் 'வர முடியும்' என்பதை முழு 'கேன்' போட்டுச் சொன்னால், அவர் 'வர முடியாது' என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பிரிட்டனில் எதிர்மறை 'கான்ட்' என்று நீள்வதால் இந்தக் குழப்பம் குறைவு. ஆகவே உச்சரிப்பைப் பயில்கிறவர் ஒரு சொல்லுக்கு எது சரி என்று கேட்பதைவிட, அந்தச் சொல் இந்த வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது, கேட்கிறவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்பதே பயன் தரும்.