முடிந்த புராசஸ் ஏன் உடனே மறைவதில்லை?

அருப்புக்கோட்டை, திருச்சுழி உட்படப் பல ஊர்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2011 முதல் தரப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதன் டெர்மினலில் ஒரு கட்டளையைத் தட்டினால், அதை ஏற்கும் நிரலான ஷெல் வழக்கமாக முதலில் 'ஃபோர்க்' மூலம் தன்னையே நகலெடுக்கும். ஷெல் 'பெற்றோர்' புராசஸ் (இயங்கும் நிரல்), நகல் அதன் 'பிள்ளை'. அந்தப் பிள்ளை 'எக்ஸெக்' மூலம் வேறு நிரலாக மாறும். தூக்கியெறியப்போகும் நகல் வீண்தானே? அவ்வளவாக இல்லை. நினைவகப் பக்கங்கள் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும். யாராவது எழுதும்போதுதான் அந்தப் பக்கம் மட்டும் நகலாகும். ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் நடுவில், வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிடவும் பிள்ளைக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

பிள்ளையின் வேலை முடிந்ததும், இயக்க முறைமையின் மையமான கர்னல் அதன் நினைவகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, புராசஸ் எண், முடிவுக் குறியீடு போன்ற சில விவரங்களை மட்டும் வைத்திருக்கும். இதுதான் 'ஸோம்பி'. வெறும் குப்பை என்பார்கள். ஆனால் வேலை பலித்ததா என்று பெற்றோர் 'வெய்ட்' மூலம் கேட்டறிய அந்தப் பதிவு வேண்டும். பெற்றோர் முந்திக்கொண்டு முடிந்தால், வழக்கமாக 1-ஆம் எண் புராசஸ் தத்தெடுத்துக் கணக்கை முடிக்கும். ஸோம்பியிடம் 'கில் -9' என்ற கட்டாய நிறுத்தக் கட்டளை பலிக்காது. பெற்றோர் நிரலைத்தான் சரிசெய்யவோ நிறுத்தவோ வேண்டும்.