உங்களுக்குத் தெரியுமா? ‘சம்மதமா?’ என்பதைத் தமிழிலும் கேட்க வேண்டும்!

சாரல் தொடங்கும் ஆனி, ஆடி மாதங்களில் ஐந்தருவிக்குக் குடும்பத்தோடு புறப்படுவோரில் பலர், விடுதி அறையைக் கைபேசிச் செயலியிலேயே பதிவு செய்கையில், எறும்புச் சாரை போன்ற எழுத்துகளில் கிடக்கும் தனியுரிமைக் கொள்கையை வாசியாமலே ‘சம்மதம்’ என்று தொட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தாம் நாடும் இணையதளங்களின் கொள்கைகளையெல்லாம் ஒருவர் படிப்பதானால் ஆண்டுக்கு 200 மணி நேரத்துக்கும் மேலாகும் என்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர் 2008-லேயே கணக்கிட்டனர்.

2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் இசைவு பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சம்மதம் கோரும் வாசகம் தெளிவும் எளிமையும் உடையதாய், ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ, ஆகவே தமிழிலும், படிக்கக் கிடைக்க வேண்டும் என்று விதிக்கிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகள், எந்தத் தகவல் எந்தப் பிரயோஜனத்துக்கு என்பதை, ஏனைய நிபந்தனைகளின் திரளில் ஒளித்துவைக்காமல், தனித்து நின்றே விளங்கும்படி அறிவிக்கச் சொல்கின்றன. பத்திர நடையிலே பழகிய கைகளுக்கு இது சாமானியமான காரியமன்று!

சட்டமே ஓர் உதாரணமும் தருகிறது: தொலைமருத்துவச் செயலியொன்று சிகிச்சையோடு கைபேசியிலுள்ள தொடர்பு எண்களுக்கும் அனுமதி கேட்க, ஒருவர் இரண்டுக்கும் இசைந்துவிட்டாலும், சிகிச்சைக்கு அவசியமற்ற அந்த எண்களைப் பொறுத்தமட்டில் அவர் சம்மதம் செல்லாது. கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அளவு சுலபமாகவே திரும்பப் பெறவும் வழியிருக்க வேண்டும். இவையெல்லாம் நடைமுறைக்கு வருவது, விதிகள் வெளியானதிலிருந்து 18 மாத அவகாசத்துக்குப் பின்பே.