வேகம் கூடவில்லை, இயந்திரம் ஏன் இரைகிறது?

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் மிதியை அழுத்துகிறீர்கள். வேகம் அப்படியே இருக்க, சுழற்சிமானி முள் மட்டும் 4,000-ஐத் தொடுகிறது. சி.வி.டி. கியர் கொண்ட காரில் இது பெரும்பாலும் பழுதன்று.

இந்தக் கியர்பெட்டியில் படிப்படியான கியர்கள் இல்லை. அகலம் மாறும் இரண்டு கப்பிகளை ஓர் எஃகுப் பட்டை இணைக்கிறது. ஏற்றத்தில் கூடுதல் ஆற்றல் வேண்டும். சிறிய இயந்திரம் வேகமாகச் சுழன்றால்தான் அதைத் தர முடியும். எனவே, காரின் வேகம் மாறாமலே பெட்டி சுழற்சியை உயர்த்துகிறது. சமதரையில் மிதியைத் தளர்த்தினால் முள் இறங்கிவிடும். 2021-இல் வந்த பெரோடுவா அட்டிவாவில், அதிவேகத்தில் பட்டையுடன் பற்சக்கரங்களும் சுமையைப் பகிர்வதால் சுழற்சி மேலும் குறைகிறது.

சமதரையில் 110 கிலோமீட்டர் சீரான வேகத்திலும் முள் இறங்கவில்லையா? முதலில் கியர் 'எஸ்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். 'டி'யில் இருந்தும் முள் எகிறி, வேகம் கூடாமல் கார் அதிர்ந்தால், பட்டை வழுக்கக்கூடும். தாமதிக்காமல் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். வழுக்கும் பட்டை கப்பியைச் சுரண்டும். பிறகு முழுப் பெட்டியையுமே மாற்ற நேரிடலாம்.