நெய்வேலியில் நில ஆமைக்கு ஏற்ற அடைப்பு

நில ஆமை வளர்க்க விரும்புவோர் முதலில் அறியவேண்டியது, எதனை வளர்க்கலாம், எதனை வளர்க்கலாகாது என்பதேயாகும். தமிழ்நாட்டின் புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருத்தல், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது முதல் அட்டவணையில் இடம் பெற்றுள்ளது. வயலோரத்தில் அதனைக் காண்போர் இருந்த இடத்திலேயே விட்டுவிடுதல் வேண்டும். காயமுற்றிருப்பின் வனத்துறைக்கு அறிவித்தல் நலம்.

அயல்நாட்டு ஆமைகளுள் பெரிதும் வளர்க்கப்படுவது சல்கட்டா என்னும் ஆப்பிரிக்க ஆமை. முறையாய்ப் பெற்று, 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தின் வாயிலாய்ப் பதிவு செய்தவரே இதனை வைத்திருக்கலாம். இதன் குட்டி உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்த ஆணோ 50 கிலோவுக்கு மேலும் எடை கொள்ளும். ஆகையால் வளர்ந்த பிராணியை மனத்திற்கொண்டே அடைப்பை அமைத்தல் வேண்டும்.

இடம்: சஹாராவின் தெற்கு விளிம்பிலுள்ள வறண்ட நிலமே இதன் தாயகம். எனவே நெய்வேலியில் வெயிலினும் ஐப்பசி, கார்த்திகை மழையே இதற்குப் பெரும் பகை. ஈரமும் குளிரும் சேரின் சுவாச நோய் உண்டாகும். நீர் தேங்காத மேட்டு நிலத்தில், ஒரு சென்டுக்குக் குறையாத பரப்பைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். காலை வெயில் அவசியம் படவேண்டும். வெயில் காணாத ஆமையின் ஓடு மெலியும். அக்கினி நட்சத்திர காலத்திற்கு ஒரு பாதியில் மரநிழல் இருத்தல் நன்று.

சுவர்: செங்கற்சுவர் தரைக்கு மேல் 2 அடியும், கீழ் 2 அடியும் இருத்தல் வேண்டும். கம்பிவலை உதவாது; அப்பால் தெரியும் இடத்திற்குச் செல்லவே ஆமை ஓயாது முட்டும். குடியிருப்பு வீடுகளில் சுவர் எழுப்புமுன் உரிய அனுமதி பெறவேண்டும்.

குடில்: 1 அடி உயர மேடையில், தெற்கு வாயிலுடன், சரிவான ஏறுபாதை வைத்துக் குடில் கட்டுக. உள்ளே உலர்ந்த வைக்கோல் பரப்புக. இவ்வாமை வளை தோண்டும் இயல்பினது. செம்மண் வளை மழையில் இடிந்தால் ஆமை உள்ளேயே மடியக்கூடும். ஆதலின் புரட்டாசி முடிவதற்குள், ஆமை வெளியே உள்ளதை உறுதிசெய்துகொண்டு வளைகளை மூடுதல் வேண்டும். மழை நாட்களில் அதனைக் குடிலிலேயே அடைத்தல் வேண்டும்.

தீனி: அறுகு முதலிய புற்களும் உலர்ந்த புல்லுமே முக்கிய உணவு. செம்பருத்தி இலையும் பூவும் சிறிது கொடுக்கலாம். சோறு, பால், இறைச்சி ஆகா. ஆழமற்ற தட்டில் நாள்தோறும் புதுநீர் வைத்தல் வேண்டும்.

மூக்கில் நீர் வடிதலும், வாய் திறந்து மூச்சு விடுதலும் நோயின் அறிகுறிகள். அவை கண்டவுடன் தாமதியாது கால்நடை மருத்துவரிடம் காட்டுக. இத்தனை இடமும் கவனிப்பும் அளிக்க இயலாதவர் ஆமை வாங்காதிருத்தலே உத்தமம்.